சத்திரத்துச் சோறு கேட்கவில்லை, பிரஜாவுரிமை கேட்கிறார்கள்!

2025 மே 19 அன்று டில்லி சுப்ரீம் கோர்ட்டில் ஒரு மனு விசாரணைக்கு வந்தது. ஒரு வழக்கில் தண்டனை பெற்று, அந்தத் தண்டனையைக் கழித்தும்விட்ட இலங்கைத் தமிழர் ஒருவர், தம்மை நாடுகடத்தக் கூடாது, தம் மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள், திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்று முறையிட்டிருந்தார். மனு தள்ளுபடி ஆயிற்று. அதோடு நிற்கவில்லை. உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா என்ன தர்மசத்திரமா, 140 கோடி ஜனங்களை வைத்துக்கொண்டு நாமே திண்டாடுகிறோமே என்ற பேச்சும் நீதிபதிகளின் ஆசனத்திலிருந்து வந்தது.

அந்த ஒரு மனுவின் சட்ட நுணுக்கத்தை வக்கீல்கள் வாதிக்கட்டும். நமக்குக் கவலை அந்த ஒரு வார்த்தையைப் பற்றியது. கோர்ட்டில் பிறக்கும் வார்த்தை கோர்ட்டிலேயே நின்றுவிடுவதில்லை. மறுநாள் பத்திரிகையில் வருகிறது. அதற்கு மறுநாள் டீக்கடை பெஞ்சுக்கு வருகிறது. அப்புறம் மில் கேட்டுக்கும் களத்துமேட்டுக்கும் வந்து சேருகிறது. "நமக்கே வேலை இல்லை, இவர்களுக்கு வேறு படியளக்க வேண்டுமா?" என்று நம் தோழனே கேட்கிறான். கேட்பது தொழிலாளியின் வாய்தான். ஆனால் கேள்வியைத் தயாரித்தவன் தொழிலாளி அல்ல. ஆகவே பதில் சொல்லுவது நம் கடமை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முகாமில் இருக்கும் ஜனங்கள் சத்திரத்துச் சோறு கேட்கவில்லை. உழைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். அவர்கள் கேட்பது, இந்த மண்ணில் பிறந்த தங்கள் பிள்ளைகளுக்கு இந்த மண்ணில் உரிமை. அதை மறுப்பது அவர்களுக்கு மட்டும் கேடல்ல. கூலிக்கு உழைக்கிற நம் எல்லோருக்கும் கேடு.

சத்திரத்துக் கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

2021 ஆகஸ்டில் மாநில சர்க்கார் சட்டசபையில் கொடுத்த விவரப்படி, தமிழ்நாட்டில் 108 முகாம்கள் இருந்தன. அவற்றில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். முகாமுக்கு வெளியே போலீசில் பதிந்துகொண்டு வாழ்ந்தவர்கள் 34,087 பேர். எல்லோரையும் சேர்த்தாலும் ஒரு லட்சம் ஆகவில்லை. 140 கோடியில் இது எத்தனை பங்கு? பதினைந்தாயிரம் பேருக்கு ஒருவர்! பதினைந்தாயிரம் பேர் வாழும் ஊருக்கு ஒரே ஒரு ஆள் கூடுதலாக வந்து குடியேறினால் அந்த ஊர் திண்டாடிப் போகுமா? தேசம் திண்டாடுவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் இந்த ஒருவனா, அல்லது ஊர்ச் சொத்தையெல்லாம் வளைத்துப் போட்டுக்கொண்ட பெரிய மனிதர்களா? தொழிலாளி தோழர்களே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சரி, இந்தச் சத்திரத்தில் என்ன போடுகிறார்கள்? 2021-ல் உதவித் தொகையை உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகு, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், சின்னக் குழந்தைக்கு 500 ரூபாய். ரேஷன் அரிசியும் உண்டு. குழந்தைக்கு மாதம் 500 என்றால் நாளைக்கு 17 ரூபாய்கூட ஆகவில்லை. பால் வாங்குவதா, பலகாரம் வாங்குவதா, பென்சில் வாங்குவதா? ஒரு தகப்பன் டீக்கடையில் ஒரு டீ குடித்தால் அந்தப் பிள்ளையின் ஒரு நாள் பங்கு தீர்ந்தது. இதுதான் சத்திரத்துச் சாப்பாடு!

அப்படியானால் மீதிச் சோறு எங்கிருந்து வருகிறது? உழைப்பிலிருந்து வருகிறது. விடியற்காலையில் முகாம் வாசலில் நின்று பாருங்கள். ஆண்கள் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகப் பஸ் ஏறுகிறார்கள். நகரத்தில் எழும்பும் மாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு சுண்ணாம்பும் வர்ணமும் பூசுவோரில் முகாம்காரர்கள் எத்தனை பேர்! சித்தாள் வேலை, கொத்து வேலை, தோட்டக் கூலி, வீட்டு வேலை, இப்படித்தான் அவர்கள் ஜீவனம். சத்திரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் உண்டு. அவன் முகாமில் இல்லை. பாங்கியில் கோடிக்கணக்கில் கடன் வாங்கி, கட்டாமல் லண்டனுக்கு விமானம் ஏறுகிறானே, அவனுக்குத்தான் இந்தத் தேசம் சத்திரமாக இருந்திருக்கிறது!

யார் இந்த ஜனங்கள்?

இவர்கள் எங்கிருந்தோ வந்த அந்நியர்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம்.

ராமேஸ்வரத்துக்குப் போகும் வழியில் மண்டபம் முகாம் இருக்கிறது. 1983-லிருந்து படகில் வந்து இறங்கிய அகதிகளை முதலில் கொண்டுவந்து வைத்தது அங்கேதான். அந்த முகாம் அகதிகளுக்காகக் கட்டப்பட்டதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றுமதி செய்யும்போது, நோய் இருக்கிறதா என்று பரிசோதித்து, மருந்தடித்து, நாள்கணக்கில் அடைத்துவைக்கக் கட்டிய இடம் அது. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பிப் போன நம் பாட்டன் பாட்டிகள் அந்தக் கொட்டடிகளில் படுத்துத்தான் கப்பல் ஏறினார்கள். போகும்போது படுத்த கொட்டடியிலேயே பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து படுக்கும்படி செய்த சரித்திரத்தின் பெயர்தான் ஏகாதிபத்தியம்!

காட்டை அழித்து மலையைத் தேயிலையாக்கினார்கள். அட்டை கடிக்க, குளிர் வாட்ட, லயத்துக் காம்பராவில் பிள்ளை பெற்றார்கள். இலங்கைக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்தார்கள். கிடைத்த கூலி என்ன? 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே வருஷத்தில் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்து, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது ஐக்கிய தேசியக் கட்சி சர்க்கார். 1949-ல் வாக்குரிமையும் போயிற்று. ஏன்? 1947 தேர்தலில் அந்தத் தொழிலாளர்கள் தங்கள் சொந்தப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பல தொகுதிகளில் இடதுசாரிகள் ஜெயிக்கத் தோள் கொடுத்தார்கள். அதற்குத் தண்டனை! பாட்டாளியின் ஓட்டு முதலாளிக்கு எதிராக விழுந்தால், ஓட்டையே பறி என்பது ஆளும் வர்க்கத்தின் பழைய வித்தை.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 ஜனங்களைப் பற்றிய ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசலாம் என்றார்கள். 1974-ல் அதையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக வெட்டிக்கொண்டார்கள். சந்தையில் ஆட்டுக்கிடையைப் பிரிக்கிறவன்கூட ஆட்டுக்கும் குட்டிக்கும் சேர்த்து விலை பேசுவான். இங்கே அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று குடும்பங்களைப் பிளந்தார்கள். போகிறாயா, இருக்கிறாயா என்று அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டா கையெழுத்துப் போட்டார்கள்?

கலவரங்கள் அடுத்தடுத்து வந்தன. 1977-ல் தோட்டங்களிலிருந்து அடித்துத் துரத்தப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடிக் காடு திருத்திக் குடியேறின. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. யுத்தம் வந்தது. யாழ்ப்பாணத்து மீனவன், மன்னார் விவசாயி, மலையகத்துக் கூலி, எல்லோருமாகப் படகேறினார்கள். 1984-ல் ராமேஸ்வரம்-தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டியவர்கள் பலர் கப்பலில் பிரஜையாக வர முடியாமல், படகில் அகதியாக வந்து சேர்ந்தார்கள். 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்டு வரை வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது மத்திய சர்க்காரின் கணக்கு. பெரும்பாலோர் திரும்பிப் போய்விட்டார்கள் அல்லது வேறு தேசங்களுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களைத்தான் பாரம் என்கிறார்கள்.

ஒரே தாய் வயிற்றில் இரண்டு தேசம்

இனி, குழந்தைகளின் சங்கதிக்கு வருவோம். சட்டம் செய்யும் அக்கிரமம் இங்கேதான் நிர்வாணமாக நிற்கிறது.

1955-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் முதலில் நியாயமாகத்தான் இருந்தது. 1950 ஜனவரி 26-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவன் இந்தியன். தாய் யார், தகப்பன் யார் என்று அது கேட்கவில்லை. பிறகு திருத்தினார்கள். 1987 ஜூலை 1 முதல் பிறக்கும் பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். மறுபடி திருத்தினார்கள். 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் பிரஜையாக இருந்தாலும் போதாது. மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி"யாக இருக்கக் கூடாது.

இதற்கு என்ன அர்த்தம்? ஒரு முகாமில் ஒரு தாய் 1987 ஜூன் மாதம் ஒரு பிள்ளை பெற்றாள். 1989-ல் இன்னொரு பிள்ளை பெற்றாள். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே பத்தடிக்குப் பத்தடி வீடு. மூத்தது இந்தியப் பிரஜை. இளையது அந்நியன்! இது கற்பனை விளையாட்டல்ல. 1987 ஜூலைக்கு முன்னால் முகாமில் பிறந்த ஒரு பெண், தான் பிறப்பால் இந்தியப் பிரஜை என்று மதுரை ஹைகோர்ட் கிளையில் வழக்காடி வென்று, 2024 பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். சட்டத்தில் எழுதியிருந்த உரிமையைக் கையில் வாங்கவே அவருக்கு இத்தனை காலம் ஆயிற்று.

இன்னொன்று. நம் ஊர்ப் பையன் ஒருவன், முகாமில் வளர்ந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், சித்தாள் வேலையில் ஒன்றாக நின்றவர்கள். இப்படி எத்தனையோ கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. பையன் பரம்பரை இந்தியன். ஆனால் சட்டத்தின் கண்ணில் பெண் "சட்டவிரோதக் குடியேறி". 2004-க்குப் பின் அவர்களுக்குப் பிறந்த குழந்தை? பாட்டனின் ஓட்டு இந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது, தகப்பனின் ஓட்டு இருக்கிறது, பிள்ளைக்கோ தேசமே இல்லை!

எல்லாவற்றுக்கும் வேர் இந்தச் "சட்டவிரோதக் குடியேறி" என்ற பட்டம். பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர்கள் என்பதால் இந்தப் பெயர். வீடு எரியும்போது ஓடுகிறவன் பாஸ்போர்ட் ஆபீசில் வரிசையில் நின்று முத்திரை குத்திக்கொண்டா ஓடுவான்? அதுவும் போகட்டும். முகாமில் பிறந்த குழந்தை எந்த எல்லையைத் தாண்டி வந்தது? தாயின் வயிற்றிலிருந்து வெளியே வந்ததைத் தவிர அது செய்த பிரயாணம் என்ன?

அந்தக் குழந்தை நம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. நம் பிள்ளையோடு சேர்ந்து சத்துணவு சாப்பிடுகிறது. தேசிய கீதம் பாடுகிறது. வளர்ந்து, மேல்படிப்புக்கு மனுப்போடும்போது "எந்தத் தேசம்?" என்ற கட்டத்தில் பேனா நின்றுவிடுகிறது. சர்க்கார் உத்தியோகம் கிடையாது. பாஸ்போர்ட் கிடையாது. ஓட்டுக் கிடையாது. பட்டம் வாங்கிய பிள்ளை தகப்பனோடு பெயிண்ட் டப்பா தூக்குகிறது. இதைக் கண்ணால் பார்க்கிற தம்பி எதற்காகப் படிப்பான்? எட்டாவதோடு நின்று அவனும் பிரஷ்ஷைப் பிடிக்கிறான்.

2021-ல் மாநில சர்க்கார் "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. பழுதடைந்த 7,469 வீடுகளைத் திரும்பக் கட்டுவதாக அறிவித்தது. நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் வாசலில் பலகை மாறினால் போதாது. பிள்ளையின் சர்ட்டிபிகேட் மாற வேண்டும். அந்தச் சாவி டில்லியில் இருக்கிறது.

பெரியவர்கள் சண்டைக்குக் குழந்தைக்குத் தண்டனையா?

1991-ல் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். அந்தக் கொடிய செயலை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்குப் பின் நடந்தது என்ன? முகாமில் இருந்த ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு குழந்தையும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். அகதிப் பிள்ளைகளுக்குச் சில காலம் பள்ளி, கல்லூரிக் கதவுகளே அடைக்கப்பட்டன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டைப் பிடுங்கித்தானா தேசத்தைப் பாதுகாக்க வேண்டும்?

"சிறப்பு முகாம்" என்று ஒன்று உண்டு. பெயரில்தான் சிறப்பு. சந்தேகம் என்று போலீஸ் சொன்னால், அல்லது ஒரு வழக்கில் விடுதலையோ ஜாமீனோ கிடைத்து வெளியே வந்தால், கொண்டுபோய் அங்கே அடைப்பது. முன்பு வேலூர், செங்கற்பட்டு, பிறகு திருச்சி. தகப்பன் மதிலுக்குள்ளே, தாயும் பிள்ளையும் எங்கோ ஒரு முகாமில். அங்கே இருந்தவர்கள் எத்தனை முறை உண்ணாவிரதம் இருந்து பார்த்துவிட்டார்கள்! இதற்கு ஆதாரமாக இருந்த சட்டம், வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதற்கு ஒரு வருஷம் முன்னால், 1946-ல் போட்ட அந்நியர் சட்டம். 2025-ல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆளை அடைத்துவைக்கும் அதிகாரத்தை மட்டும் கவனமாகப் புதுப் பெட்டிக்குள்ளும் எடுத்துவைத்துக்கொண்டார்கள்.

2018-ல் அமெரிக்காவின் தெற்கு எல்லையில் டிரம்ப் சர்க்கார், அடைக்கலம் தேடி வந்த குடும்பங்களிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சில வாரங்களுக்குள் பிரித்தது. கம்பிவலைக் கூண்டுக்குள் பிள்ளைகள் படுத்துக் கிடந்த படங்களை உலகம் பார்த்தது. நம் பத்திரிகைகள் எல்லாம் கண்ணீர் விட்டன. அது நியாயமான கண்ணீர். ஆனால் வாஷிங்டனுக்கு விட்ட கண்ணீரில் ஒரு சொட்டாவது திருச்சிக்கு விட வேண்டாமா?

1992-ல் ஐ.நா. சபையின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டது. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்துக்கொள்ளும் உரிமை போலவே, ஒரு தேசத்தைப் பெறும் உரிமையும் உண்டு என்று அது சொல்லுகிறது. கையெழுத்தை மதிக்க வேண்டுமென்று கந்துவட்டிக்காரன் நம்மிடம் கண்டிப்புக் காட்டுகிறான். டில்லி தன் கையெழுத்தை மதிக்க வேண்டாமா?

மதம் பார்த்துத் திறக்கும் கதவு

"சட்டம் அப்படி இருக்கிறது, என்ன செய்வது?" என்று கை விரிப்பவர்கள் 2019-ஐ நினைத்துப் பார்க்கட்டும். சட்டத்தை வளைக்க முடியும் என்று அப்போது காட்டினார்களே! பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று தேசங்களிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஹிந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர்களுக்குப் பிரஜாவுரிமை என்று சட்டம் போட்டார்கள். 2024 மார்ச்சில் விதிகளும் வந்தன. முஸ்லிமின் பெயர் மட்டும் இல்லை. இலங்கையின் பெயரும் இல்லை. ஹிந்துக்களின் காவலர்கள் என்று மார்தட்டுகிறவர்கள், மாரியம்மனையும் முருகனையும் கும்பிடுகிற முகாம் ஜனங்களை ஏன் மறந்தார்கள்? அவர்களுக்கு ஹிந்துவும் முக்கியம் அல்ல, அகதியும் முக்கியம் அல்ல. ஜனங்களை மதத்தின் பெயரால் பிளப்பதுதான் முக்கியம்.

2025 செப்டம்பரில் ஒரு உத்தரவு வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்ற குற்றத்திலிருந்து விலக்கு. பல ஆண்டுகளாகத் தலைக்கு மேல் தொங்கிய கத்தி கொஞ்சம் உயர்ந்தது, அவ்வளவுதான். விலக்கு வேறு, உரிமை வேறு. "உன்னை ஜெயிலில் போட மாட்டேன்" என்று சொல்வது "நீ இந்த வீட்டுப் பிள்ளை" என்று சொல்வதாகுமா?

அந்தத் தேதிக்குப் பின்னால் வந்தவர்கள் கதி? 2022-ல் இலங்கை கடனில் மூழ்கித் திவாலானது. பால் மாவு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, வேலை இல்லை. அந்த மார்ச் மாதம் முதல் குடும்பங்கள் மறுபடி படகேறின. படகுக்காரர்கள் கைக்குழந்தைகளோடு அவர்களைத் தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். சுற்றிலும் கடல், தலைக்கு மேல் வெயில், குடிக்கத் தண்ணீர் இல்லை. நம் கடலோரக் காவல் படை போய்த் தூக்கி வந்தது. மணல்திட்டிலிருந்து மீட்ட குழந்தையைச் சட்டத்தின் திட்டில் மறுபடி இறக்கிவிட்டுவிட்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். தமிழன் என்பதற்காக மட்டும் நாம் பேசவில்லை. பர்மாவிலிருந்து அடித்து விரட்டப்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம் குடும்பங்கள் சென்னைக்குப் பக்கத்தில் கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ஆண்டுக்கணக்காக ஒண்டி வாழ்ந்து, பழைய இரும்பும் காகிதமும் பொறுக்கிப் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளையின் பசிக்கு மதம் உண்டா, மொழி உண்டா? தன் இனத்துப் பிள்ளைக்கு மட்டும் இரங்குவது உறவு முறை. எந்தப் பிள்ளைக்கும் இரங்குவதே மனிதத்தனம். அதுவே தொழிலாளி வர்க்கத்தின் சர்வதேசியம்.

கூலி யாரால் குறைகிறது?

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வருவோம். "இவர்கள் குறைந்த கூலிக்கு வருகிறார்கள், நம் கூலி கெடுகிறது" என்கிறான் உள்ளூர்ப் பெயிண்டர். அவன் கஷ்டம் பொய்யல்ல. ஆனால் காரணத்தைத் தவறாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

முகாம்காரன் ஏன் குறைந்த கூலிக்குச் சம்மதிக்கிறான்? கெடுபிடிதான் காரணம். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளன்று அவன் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் உதவித் தொகை நிற்கும், பெயரையே அடித்துவிடுவார்களோ என்ற பயம். வெளியூரில் தங்கி வேலை செய்ய அனுமதி வேண்டும். கூலி பாக்கியைக் கேட்டுக் கண்டிராக்டரிடம் சண்டை போட்டால், போலீஸ் ஸ்டேஷனில் "நீ எந்த ஊர்?" என்றுதான் முதல் கேள்வி வரும். கண்டிராக்டருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். கழுத்தில் கயிறு கட்டிய மாட்டைத்தான் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். அந்தக் கயிற்றைக் கட்டியது சட்டம். கயிறு இருக்கும்வரை கண்டிராக்டர் அவனைக் காட்டி உன் கூலியை வெட்டுவான். கயிற்றை அறுத்துவிட்டால் இருவரும் ஒரே கூலி கேட்கலாம்.

மில் தொழிலாளருக்கு இது புது விஷயமா? கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதிகளில் நூல் மில் முதலாளிகள் "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, ஏழைப் பெண் பிள்ளைகளை மில் விடுதிக்குள் அடைத்து "கேம்ப் கூலி"களாக வேலை வாங்கவில்லையா? நிரந்தரத் தொழிலாளியின் வேலை போனது அந்தப் பெண் பிள்ளைகளாலா, முதலாளியாலா? கீழத்தஞ்சைத் தோழர்களுக்கு இது புதிதா? அரைப்படி நெல் அதிகம் கேட்டபோது மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பறுக்கப் பார்த்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவில் வெண்மணியில் 44 உயிர்களை நெருப்பில் கொடுத்த பூமி அது. எதிரி வெளியூர்க் கூலியல்ல, அவனை இறக்கியவனே என்பதைச் செங்கொடி அந்த மண்ணில்தான் கற்றுக்கொடுத்தது.

1964 ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் நமக்குப் பாடம். சங்கமும் நிலையான வேலையும் உள்ள இடத்தில் அவர்கள் தலை நிமிர்ந்தார்கள். நீலகிரியில் அவர்களுக்காகவே சர்க்கார் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. கூடலூர், கோத்தகிரி மலைகளைப் பச்சையாக்கியது அவர்கள் கை. ஆதரவின்றி விடப்பட்ட இடத்திலோ, கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டும் கண்டிராக்டர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கினார்கள். கை அதே கைதான். உரிமை இருந்த இடத்தில் தொழிலாளி, இல்லாத இடத்தில் அடிமை.

நாமும் நடந்தவர்களே

அகதி என்றால் யாரோ என்று நினைக்காதீர்கள். 1942-ல் பர்மாவில் ஜப்பான் குண்டு விழுந்தபோது, வெள்ளைத் துரைமார் கப்பலிலும் விமானத்திலும் போனார்கள். நம் கூலி ஜனங்கள் லட்சக்கணக்கில் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர்க் காடு வழியாகவும் நடந்து வந்தார்கள். வழியெல்லாம் பிணங்கள். 1964-க்குப் பிறகு மறுபடி ஒரு அலை வந்தது. சென்னையின் பர்மா பஜார் அந்தக் கதையை இன்றும் சொல்லுகிறது. அன்று அவர்களைப் பார்த்துச் சத்திரம் மூடிவிட்டது என்று சொல்லியிருந்தால்?

தேசம் பிளந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து குவிந்த அகதிகளை ஆளும் வர்க்கம் குப்பையாகப் பார்த்தது. இடதுசாரிகள் முன்னின்று 1950-ல் ஐக்கிய மத்திய அகதிகள் கவுன்சிலை அமைத்தார்கள். பிச்சை வேண்டாம், நிலம் கொடு, உரிமை கொடு என்று அந்த ஜனங்களே கொடி பிடித்தார்கள். அகதிக் குடியிருப்புகள் போராட்டக் கோட்டைகள் ஆயின. அந்த வழிதான் நம் வழியும்.

நாம் கேட்பது என்ன?

1. இந்திய மண்ணில் பிறந்த ஒவ்வொரு அகதிக் குழந்தைக்கும் பிறப்பால் பிரஜாவுரிமை கொடு! 1987, 2004 என்ற தேதிகளைக் காட்டிப் பிள்ளைகளைப் பிரிக்காதே!

2. முகாம் ஜனங்கள் மீதுள்ள "சட்டவிரோதக் குடியேறி" பட்டத்தை நீக்கு! மதம் பார்க்கும் 2019 சட்டத்தைத் தூக்கி எறி!

3. 1964 ஒப்பந்தத்தின் கடனைத் தீர்! மலையக வம்சாவளியினருக்கு உடனே பிரஜாவுரிமை கொடு! அவர்களைக் காலமெல்லாம் நாடற்றவர்களாக வைத்திருப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்கு விரோதம் என்ற கருத்தில் 2019 ஜூனிலேயே மதுரை ஹைகோர்ட் கிளை சொல்லிவிட்டது. இனி என்ன தயக்கம்?

4. சிறப்பு முகாமை மூடு! குடும்பங்களைப் பிரிக்காதே! 2022-க்குப் பின் வந்த குடும்பங்களையும் பதிவு செய்து படிப்பும் உதவியும் கொடு!

5. ஆள் கணக்கு என்ற கெடுபிடியை நிறுத்து! எங்கும் போய் வேலை செய்யவும், சங்கத்தில் சேரவும், சம கூலி பெறவும் உரிமை கொடு!

6. திரும்ப விரும்புகிறவர்கள் மானத்தோடும் பத்திரத்தோடும் திரும்ப வழி செய்! விரும்பாதவர்களைத் துரத்தாதே!

7. அகதிகளுக்கென்று ஒரு சட்டம் இயற்று! 1951-ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் கையெழுத்திடவில்லை, அதில் கையெழுத்திடு!

இது டில்லிக்கு. நமக்கு வேலை இல்லையா? உண்டு. ஒவ்வொரு மில் சங்கமும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பட்டும். முகாம் உள்ள ஊர்களில் கட்டடத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் முகாமுக்குள் போகட்டும். முகாம் பெயிண்டரையும் உள்ளூர்ப் பெயிண்டரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே கூலியைத் தீர்மானிக்கட்டும். முகாம் பிள்ளை பள்ளியில் கேலிக்கு ஆளானால் நம் பிள்ளை அதன் பக்கம் நிற்கட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: முகாமில் பிறந்த குழந்தை எந்தத் தேசத்துப் பிரஜை, சொல்!

முகாமில் பிறந்தவர்களுக்கு ஓட்டு இல்லை. அவர்கள் சார்பில் கேட்க நம் ஓட்டு இருக்கிறது. மண்டபத்துக் கொட்டடியில் பாட்டனை அடைத்த அதே கை, இன்று பேரனையும் அடைத்து வைத்திருக்கிறது. அந்தக் கொட்டடியின் பூட்டை உடைப்பது உழைக்கும் ஜனங்களின் வேலை.

பிறந்த பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கொடு!

சம வேலைக்குச் சம கூலி கொடு!

உழைக்கும் மக்கள் ஒற்றுமை ஓங்குக!